சாயம் பத்தவில்லையா, மிஞ்சிவிட்டதா? கணக்கு எங்கே பிசகியது என்று பிடிக்கும் வழி

தீபாவளி நெருங்கும் நேரத்தில் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் எந்தச் சாயக் கடைக்குப் போனாலும் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் காலி டின்னின் மூடியைக் கையில் பிடித்தபடி, "தவுக்கே, இதே கலர் இன்னும் ஒரு டின்" என்று நிற்பார். வீட்டில் பாதிச் சுவர் காய்ந்துகொண்டிருக்கும். இன்னொருவர் திறக்காத டின்னைத் திருப்பிக் கொடுக்க வந்திருப்பார். மெஷினில் கலந்து கொடுத்த கலரைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார். அந்தக் கலரை அவர் வேறு யாரிடம் விற்பது?

இரண்டு பேருக்கும் சாயத்தின் மேல் கோபம் இருக்கும். ஆனால் பெரும்பாலும் தப்பு சாயத்தில் இருக்காது. பரப்பளவை எடுத்த இடத்திலோ, பரப்பளவை லிட்டராக மாற்றிய இடத்திலோ ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும். அதைப் பிடிக்க நான் பார்ப்பது ஒன்றுதான்: எவ்வளவு குறைந்தது என்பதைவிட, எத்தனை மடங்கு குறைந்தது. சரியாகப் பாதியில் தீர்ந்தால் ஒரு காரணம். மூன்று மடங்கு மிஞ்சினால் வேறு காரணம். பத்துப் பதினைந்து விழுக்காடு இடித்தால் அது இன்னொரு கதை. கீழே உங்கள் நிலைமை எதுவோ அதற்கு நேராகப் போய்ப் பாருங்கள். அதற்கு முன், தப்பில்லாத கணக்கு எப்படி இருக்கும் என்று ஒரு முறை பார்த்துவிடுவோம். ஒப்பிட ஏதாவது வேண்டுமே.

சரியான கணக்கு, ஒரே ஒரு அறைக்கு

12 அடிக்கு 10 அடி அறை, சுவர் உயரம் 10 அடி. சுற்றளவு 44 அடி. உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவு 3க்கு 7, அது 21. ஜன்னல் 4க்கு 4, அது 16. இரண்டையும் கழித்தால் 403. இரண்டு தடவை அடிக்க வேண்டும், ஆக 806 சதுர அடி.

நீரில் கரையும் சுவர்ச் சாயத்துக்கு டின்களில் பெரும்பாலும் லிட்டருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் என்று போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. நான் எப்போதும் சின்ன எண்ணையே எடுப்பேன்: லிட்டருக்கு 10 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 108 சதுர அடி. 806ஐ 108ஆல் வகுத்தால் 7.5 லிட்டர். ரோலரிலும் தட்டிலும் வாளியிலும் ஒட்டிக்கொண்டு போவதற்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 8.2 லிட்டர். இரண்டு 5 லிட்டர் டின் வாங்க வேண்டும். மிச்சம் இருப்பது பிற்பாடு ஆணி அடித்த ஓட்டையை மறைக்க ஆகும்.

வேலை நடுவில் நின்றுபோயிருந்தால், முதலில் அடித்து முடித்த ஒரு சுவரை மட்டும் டேப் வைத்துத் திரும்ப அளவெடுங்கள். அந்தச் சுவரின் பரப்பை எத்தனை தடவை அடித்தீர்களோ அதனால் பெருக்கி, அதற்குச் செலவான லிட்டரால் வகுத்துப் பாருங்கள். 95 முதல் 120 சதுர அடிக்குள் வந்தால் சுவரும் சரி, கையும் சரி. மொத்த அளவில்தான் பிசகு. 80க்குக் கீழே இறங்கினால் சுவர் குடிக்கிறது. 140ஐத் தாண்டினால் தண்ணீர் கூடிப்போயிருக்கிறது அல்லது ரோலரை வறட்டு வறட்டு என்று இழுத்திருக்கிறீர்கள்.

முதல் தடவை முடிந்தது, இரண்டாவது தடவைக்குச் சாயமே இல்லை

பாதி. மிகச் சுலபமான கேஸ். பரப்பளவை இரண்டால் பெருக்க மறந்திருப்பீர்கள். டின்னில் போட்டிருக்கும் சதுர மீட்டர் ஒரு தடவை அடிப்பதற்கான கணக்கு.

இதே பாதிக் குறை வேலிச் சுவரிலும் வரும், ஆனால் காரணம் வேறு. 40 அடி நீளம், 4 அடி உயரம் உள்ள வேலிச் சுவரை 160 சதுர அடி என்று எழுதி வைத்திருப்போம். அதற்கு உள்பக்கம் ஒன்று இருக்கிறது. மேல் விளிம்பும் இருக்கிறது. அரை அடி அகலம் என்றால் அது ஒரு 20 சதுர அடி. மொத்தம் 340. இரண்டு தடவைக்கு 680 சதுர அடி, 6 லிட்டருக்கு மேல் போகும். அண்டை வீட்டாரோடு பங்கு போட்ட சுவராக இருந்தால் அவர்கள் பக்கம் யார் அடிப்பது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். சாயம் கலக்கும் முன்பே பேச வேண்டிய விஷயம் அது.

ஒன்றிரண்டு அறைகளோடு டின் காலி

இங்கே குறை மூன்று, மூன்றரை மடங்கு இருக்கும். வீட்டின் தரைப் பரப்பை வைத்துச் சாயம் வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இது நம் பக்கம் அடிக்கடி நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எல்பில், ஹீவூட் போன்ற தோட்டங்களின் லயத்து வீடுகளில் இருந்து தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்த குடும்பங்களுக்கு, வீட்டைப் பற்றித் தெரிந்த முதல் எண்ணே அந்த மலிவு விலை வீட்டின் 650 சதுர அடிதான். பத்திரத்தில் இருப்பது அது, பேச்சில் வருவதும் அது. கடையில் "உங்கள் வீடு எவ்வளவு பெரிது?" என்று கேட்டால் வாயில் வருவதும் அதுதான். ஆனால் நாம் தரைக்குச் சாயம் அடிக்கவில்லையே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அடிக்கு 32 அடி 6 அங்குலம் உள்ள வீடு, 650 சதுர அடி. வெளிச்சுவர்களின் உள்முகம் மட்டும் சுற்றளவு 105 அடி, உயரம் 10 அடி, ஆக 1,050 சதுர அடி. உள்ளே அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவர்கள் எல்லாம் சேர்த்து 75 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம், அதனால் 1,500. மொத்தம் 2,550. கதவு ஜன்னலுக்கு 250 கழித்தால் 2,300 சதுர அடி. இரண்டு தடவைக்கு 43 லிட்டர் அளவுக்கு வேண்டும். தரையை வைத்துக் கணக்குப் போட்டவர் 12 லிட்டர் வாங்கியிருப்பார்.

"அப்படியானால் தரைப் பரப்பை மூன்றரையால் பெருக்கினால் போதுமா?" என்று கேட்பார்கள். போதாது. 10 அடிக்கு 10 அடி அறைக்குத் தரை 100, சுவர் 400, நான்கு மடங்கு. 20 அடிக்கு 20 அடி ஹாலுக்குத் தரை 400, சுவர் 800, இரண்டே மடங்கு. அறை சிறுத்தால் சுவர் கூடும். ஒரே தரை அளவுள்ள இரண்டு வீட்டில், இடையில் தடுப்பு எடுத்து ஹாலைப் பெரிதாக்கிய வீடு குறைவாகக் குடிக்கும். ஹாலை மறித்துப் பிள்ளைகளுக்கு ஓர் அறை எடுத்த வீடு கூடுதலாகக் குடிக்கும். டேப்பை எடுத்துச் சுற்றளவைப் பிடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அரை மணி நேர வேலை.

மூன்று மடங்கு மிஞ்சிவிட்டது

அடியையும் மீட்டரையும் குழப்பியிருக்கிறீர்கள், அதுவும் ஒரு குறிப்பிட்ட விதத்தில். ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்பது எல்லாருக்கும் தெரியும். அது நீளத்துக்கு. பரப்புக்கு 3.28ஐ 3.28ஆல் பெருக்க வேண்டும், அதுதான் 10.76. மேலே சொன்ன 403 சதுர அடியை 3.28ஆல் வகுத்தால் 123 சதுர மீட்டர் என்று வரும். உண்மையில் அது 37.4. ஒரே அறைக்கு 25 லிட்டர் வாங்கிவிட்டு விழிப்பதெல்லாம் இப்படித்தான்.

நம் வீடுகளில் சுவரை அடியில் அளப்போம், டின்னில் மீட்டரில் போட்டிருக்கும். பரப்பு முழுவதையும் அடியிலேயே கூட்டிக் கழித்து, கடைசியில் ஒரே ஒரு முறை மாற்றுங்கள். நடுநடுவே மாற்றினால் எந்தச் சுவரை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்பதே மறந்துவிடும்.

இதற்குத் தம்பி முறையில் இன்னொரு தப்பு இருக்கிறது. அளவு 9 அடி 10 அங்குலம். கைப்பேசியில் அதை 9.10 என்று தட்டுவார்கள். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் அது 9.83 ஆகும். கைப்பேசி 9.10ஐ 9.1 என்றுதான் எடுத்துக்கொள்ளும். நீளம், உயரம் இரண்டிலும் இதே தப்பு நேர்ந்தால் 96.7 சதுர அடிச் சுவர் 82.8 ஆகச் சுருங்கிவிடும். பதினான்கு விழுக்காடு போச்சு. 9 அடி 6 அங்குலத்தை 9.6 என்று எழுதினால் பெரிய சேதம் இல்லை, அதனால்தான் இந்தப் பழக்கம் மாட்டாமலேயே நீடிக்கிறது. அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்த பிறகு அடியோடு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசிச் சுவரில் பத்து, பதினைந்து விழுக்காடு இடிக்கிறது

அங்குலத் தப்பு இல்லை என்றால், நீங்கள் அளக்காத சில்லறை இடங்கள் எங்கோ இருக்கின்றன. வீட்டுக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழாகப் பாருங்கள். கூரையின் முக்கோணச் சுவர்: 22 அடி அடிப்பாகம், 6 அடி உயரம் என்றால் பாதியாக்கி 66 சதுர அடி. போர்ச்சின் தூண்கள்: ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம். ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சிமெண்டுப் பலகை: மேலே, கீழே, விளிம்பு. கடைவீட்டுக்காரர் என்றால் அஞ்சடியின் (கடை முன் நடைபாதையின்) தூண்களையும் உத்தரங்களையும் விடாதீர்கள். அங்கே ஒரு உத்தரத்துக்கே மூன்று முகம் வரும்.

கழித்தல் பக்கத்திலும் பிசகலாம். சின்னச் சின்னக் காற்றுத் துளை, மின்சாரப் பெட்டி எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாகக் கழித்திருப்போம். அரை சதுர மீட்டருக்குக் குறைந்த எதையும் நான் கழிப்பதில்லை. அந்தத் துளையின் உள்விளிம்புக்கு அடிக்கிற சாயமே கழித்த பரப்பைத் தின்றுவிடும். கதவு, நாக்கோ ஜன்னல் (கண்ணாடிப் பட்டைகள் அடுக்கியது), சறுக்குக் கண்ணாடிக் கதவு ஆகியவற்றைக் கழித்தால் போதும்.

ஒரு கலர் குறைகிறது, இன்னொன்று மிஞ்சுகிறது

தமிழ்ப்பள்ளியில் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்யும் வேலை, நடக்கும்போது பார்க்கலாம். வகுப்பறையின் கீழ்ப்பகுதிக்குக் கழுவத் தோதான எண்ணெய்ச் சாயம், மேல்பகுதிக்கு வெளிர் நிறம். மொத்தப் பரப்பை எடுத்து, பத்தடியில் நான்கடி கீழே என்று நாற்பதுக்கு அறுபது எனப் பிரிப்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜன்னல்கள் எல்லாம் மேல்பகுதியில்தானே இருக்கின்றன.

30 அடிக்கு 24 அடி வகுப்பறை. சுற்றளவு 108 அடி. சுவர் மொத்தம் 1,080 சதுர அடி. 4 அடி அகலம், 7 அடி உயரத்தில் இரண்டு கதவுகள், 56. 4க்கு 4 அளவில் எட்டு ஜன்னல்கள், 128. கழித்தால் 896. நாற்பது விழுக்காடு என்றால் கீழே 358. நேராக அளந்தால் கீழ்ப்பகுதி 432, அதில் கதவுகளின் அடிப்பாகம் 32 மட்டும் கழியும். 400 சதுர அடி. ஆக 42 சதுர அடி இடிக்கும், மேலே அதே 42 மிஞ்சும். இரண்டு தடவைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய்ச் சாயம் குறையும். ஆறு வகுப்பறை என்றால் ஒரு டின்னுக்கு மேல். பெற்றோர் சங்கத்துக் காசில் இது சின்ன விஷயம் இல்லை. ஒவ்வொரு நிறத்தையும் தனிச் சுவராக நினைத்து அளவெடுத்தால் இந்தப் பிரச்சினையே வராது.

சுவர் சாயத்தைக் குடித்துக்கொண்டே இருக்கிறது

மேலே சொன்ன சோதனையில் 80க்குக் கீழே வந்தவர்கள் இங்கே வாருங்கள். உங்கள் அளவு சரியாகவே இருக்கலாம்.

முதலில் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி ஒரு இழுப்பு இழுங்கள். கை வெள்ளையாக வந்தால் பழைய சுண்ணாம்போ, வெயிலில் மாவாகிப்போன பழைய சாயமோ மேலே இருக்கிறது. அந்த மாவு சாயத்தில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிட்டு, பிறகு அதையும் இழுத்துக்கொண்டு உதிர்ந்துவிடும். சுரண்டி, தேய்த்து, கழுவி, காயவிட்டு, சீலர் (சுவரை அடைக்கும் அடிப்பூச்சு) அடித்த பிறகுதான் சாயத்தின் மூடியைத் திறக்க வேண்டும். கை சுத்தமாக வந்தால் அடுத்த சோதனை: சுவரில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். துளி துளியாக வழிந்தால் நல்ல சுவர். தெளித்த இடம் உடனே கறுத்து ஈரத்தை உள்ளே இழுத்தால் உறிஞ்சுகிற சுவர். புதிதாகப் பூசிய சிமெண்டு பெரும்பாலும் இப்படித்தான். புதுப் பூச்சு நான்கு வாரமாவது காய வேண்டும் என்று சொல்வது வெறும் ஈரத்துக்காக மட்டும் அல்ல. புதுச் சிமெண்டின் காரம் சாயத்தின் நிறத்தையே தின்னும். சமையலறையை இழுத்துக் கட்டிவிட்டு அடுத்த வாரமே சாயம் அடிக்கச் சொல்கிற குத்தகையாளரிடம் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள்.

சரி, எவ்வளவு குடிக்கும்? இதை யாரும் வீட்டில் உட்கார்ந்தபடி சொல்ல முடியாது. சுவரையே கேட்டுவிடலாம். கண்ணில் படாத ஒரு மூலையில், கதவுக்குப் பின்னால் என்றால் நல்லது, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத்தை ஒட்டும் நாடாவால் கட்டிக்கொள்ளுங்கள். மருந்துக் கோப்பையோ சமையல் அளவுக் குவளையோ எடுத்து 200 மில்லி சாயத்தை அளந்து தட்டில் ஊற்றுங்கள். ரோலரை அதற்கு முன்பே தனியாக எடுத்த அதே சாயத்தில் நன்றாக முக்கி, பிழிந்து எடுத்திருக்க வேண்டும். காய்ந்த ரோலரை வைத்துச் சோதித்தால் ரோலர் குடித்ததையும் சுவர் கணக்கில் எழுதுவீர்கள். அந்தச் சதுரம் ஒரு தடவை சீராக மூடும்வரை உருட்டுங்கள். மிச்சத்தைத் திரும்பக் குவளையில் வழித்து ஊற்றிப் பாருங்கள். 100 மில்லி செலவாகியிருந்தால் லிட்டருக்கு 10 சதுர மீட்டர். நம் கணக்கு அப்படியே நிற்கும். 160 மில்லி போயிருந்தால் லிட்டருக்கு ஆறே கால் சதுர மீட்டர்தான், அதாவது 67 சதுர அடி.

பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். 67 என்ற எண்ணை இரண்டு தடவைக்கும் போட்டுவிடுவார்கள். பிறகு சாயம் மிஞ்சும். முதல் தடவை அடித்தது சுவரை அடைத்துவிட்டது. இரண்டாவது தடவை சுவர் பழையபடி 108க்கு அருகில் வந்துவிடும். அதே 403 சதுர அடி அறைக்கு முதல் தடவை 6 லிட்டர், இரண்டாவது தடவை 3.7 லிட்டர், மொத்தம் 9.7. இரண்டையும் 67ஆல் வகுத்திருந்தால் 12 லிட்டர் வாங்கியிருப்பீர்கள். இன்னொரு வழி, அந்த முதல் தடவைக்குச் சாயத்தை வீணாக்காமல் சீலர் போடுவது. சீலருக்கும் அதே சதுரத்தில் ஒரு சோதனை செய்து தனியாக லிட்டர் கணக்குப் போடுங்கள். சாயத்தின் கணக்கோடு சேர்க்காதீர்கள்.

மணல் தூவியது போலச் சொரசொரப்பாக விட்ட வெளிச்சுவருக்கு இது பொருந்தாது. அங்கே சுவர் குடிப்பதில்லை. மேடும் பள்ளமுமாக இருப்பதால் உண்மைப் பரப்பே டேப் சொல்வதைவிட அதிகம். அதனால் இரண்டாவது தடவையும் கூடுதலாகத்தான் போகும். சோதனைச் சதுரத்தை இரண்டு தடவை அடித்து இரண்டையும் தனித்தனியாக அளந்தால் எது என்று தெரிந்துவிடும்: இரண்டாவது அளவு இறங்கினால் உறிஞ்சுகிற சுவர், இறங்காவிட்டால் சொரசொரப்பான சுவர்.

சாயம் பத்தியது, ஆனால் சுவர் திட்டுத்திட்டாக இருக்கிறது

தண்ணீர். சாயம் குறைவது தெரிந்ததும் யாரோ ஒருவர் வாளியில் தண்ணீரைச் சாய்த்திருப்பார். பெரும்பாலும் வீட்டுக்காரருக்குத் தெரியாமல்.

தண்ணீர் ஊற்றினால் பரப்பு கூடாது. ஒரு லிட்டர் சாயத்தில் 40 விழுக்காடு திடப்பொருள் என்றால் 400 மில்லிதான் சுவரில் தங்கும், மிச்சம் ஆவியாகப் போய்விடும். அந்த 400 மில்லியை 35 மைக்ரோன் (ஆயிரம் மைக்ரோன் ஒரு மில்லிமீட்டர்) கனத்தில் பரப்பினால் 11.4 சதுர மீட்டர் வரும். தயாரிப்பாளர்கள் டின்னில் போடும் எண் இப்படிக் கிடைப்பதுதான்: திடப்பொருள் விழுக்காட்டைப் பத்தால் பெருக்கி, காய்ந்த கனத்தின் மைக்ரோனால் வகுப்பது. வழுவழுப்பான, உறிஞ்சாத, ஒரு சொட்டும் சிந்தாத சுவருக்கான எண் அது. எனவேதான் நான் 12 என்று போட்டிருந்தாலும் 10ஐ எடுத்துக்கொள்கிறேன். 200 மில்லி தண்ணீர் சேர்த்தாலும் அதே 400 மில்லி திடப்பொருள்தான். கூடுதல் இடத்துக்கு இழுத்தால் கனம் குறையும், பழைய நிறம் எட்டிப் பார்க்கும். டின்னில் எவ்வளவு தண்ணீர் சேர்க்கலாம் என்று போட்டிருக்கும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்ணீர் சேர்க்காமலே திட்டு விழுந்தால் நிறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு ஆகியவற்றுக்கு மறைக்கும் சக்தி குறைவு. வெளிர் நிறங்களில் அடியை மறைப்பது டைட்டானியம் டைஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடி. அடர் நிறம் கலக்கிற டின்னில் அது மிகக் குறைவாகவே இருக்கும். பூசை அறைக்கு மஞ்சள் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் மூன்று தடவைக்குக் கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது டின் வேறு நிறமாகத் தெரிகிறது

குறைவாக வாங்கியதன் பின்விளைவு. ஒரே எண் கொடுத்துக் கலந்தாலும் வேறு நாளில், வேறு தொகுப்பில் வந்த டின் மயிரிழை மாறலாம். நடுச்சுவரில் கோடு போட்ட மாதிரி தெரியும். தேவையான டின்கள் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே நடந்துவிட்டது என்றால், புது டின்னைச் சுவரின் நடுவில் தொடங்காமல் மூலையில் இருந்து தொடங்குங்கள். இரண்டு சுவர்களில் வெளிச்சம் விழும் விதம் வேறு என்பதால் கண் கண்டுபிடிக்காது.

தகரக் கூரை, பலகைச் சுவர், கிரில்

அலை அலையான தகரத்தை டேப் வைத்து நேராக அளந்தால் எப்போதும் குறையும். ஒரு நூலை எடுத்து, தகரத்தின் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி, ஒட்டியபடியே ஒரு மீட்டர் அகலத்துக்குப் படுக்க வையுங்கள். நூலை நிமிர்த்தி அளந்தால் வித்தியாசம் கையில் வந்துவிடும். மூன்று அங்குலத்துக்கு ஓர் அலை, முக்கால் அங்குல ஆழம் உள்ள தகரத்துக்கு அது பதின்மூன்று, பதினான்கு விழுக்காடு. 20 அடிக்கு 15 அடிக் கூரை 300 சதுர அடி என்று நினைத்தால் உண்மையில் 340. கூரையில் ஏறாமலே கீழே கிடக்கும் ஒரு துண்டுத் தகரத்தில் இதைச் செய்யலாம். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் பழைய பலகைச் சுவர்களுக்கும் இதே நூல்தான், ஆனால் மேலிருந்து கீழாக. ஆறு அங்குலப் பலகைக்கு அரை அங்குல விளிம்பு என்றாலே எட்டு விழுக்காடு ஏறிவிடும்.

கிரிலில் தலைகீழ். இரண்டு பக்கமும் அடிக்கிறோமே என்று பரப்பை இரண்டால் பெருக்குவார்கள், ஏகப்பட்டது மிஞ்சும். 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி, 10 சென்டிமீட்டர் இடைவெளி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் கிரிலில் பத்துக் கம்பிகள், ஒவ்வொன்றின் நான்கு முகமும் சேர்த்து 48 மில்லிமீட்டர், மொத்தம் 0.48 சதுர மீட்டர். குறுக்குக் கம்பியையும் சேர்த்தால் 0.6 வரும். ஒரு பக்கப் பரப்பை மட்டும் கணக்கில் எடுத்தால் சுற்றி அடிக்கவும் போதும், பிரஷில் இருந்து சிந்துவதற்கும் போதும்.

வெளிச்சுவருக்கு மட்டும் கணக்கு தப்புகிறது

அக்டோபர், நவம்பரில் பேராக்கில் மத்தியானத்துக்கு மேல் மழை பிடிக்கும். காயாத சாயம் கழுவிக்கொண்டு போனால் அந்தச் சுவருக்கு மூன்றாவது தடவை. அதற்காக உச்சி வெயிலிலும் அடிக்காதீர்கள். சுட்ட சுவரில் ரோலர் ஓடாது, சாயம் ஒட்டிக் கட்டியாகும். காலையில் மேற்குச் சுவர் நிழலில் இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.

கோயில் சிலைகளுக்குப் பரப்பே எடுக்க முடியவில்லை

எடுக்க முடியாதுதான். கும்பாபிஷேகத்துக்கு முன் தோட்டத்துக் கோயில் விமானத்துக்குச் சாயம் வாங்கப் போகிறவர்கள், நீளம் அகலம் போட்டுக் கணக்கெடுத்துவிட்டுப் பாதியில் நிற்பதற்குக் காரணம், துவாரபாலகரின் கையும் கிரீடமும் மடிப்பு மடிப்பான வேட்டியும் டேப்புக்கு அடங்காது என்பதே. இங்கே பரப்பை விட்டுவிட்டு எடைக்கு மாறுங்கள். முழு 5 லிட்டர் டின்னை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, காலி டின்னின் எடையைக் கழித்து, ஐந்தால் வகுத்தால் ஒரு லிட்டரின் எடை கிடைக்கும். 1.3 கிலோவுக்கு மேல் வருவது சாதாரணம். அடுத்து, நடுத்தர அளவில் ஒரே ஒரு சிலைக்கு அடித்து முடித்து, டின்னை மறுபடி நிறுங்கள். 400 கிராம் குறைந்திருந்தால் 300 மில்லி செலவு. அதே அளவு சிலைகள் எத்தனை என்று எண்ணிப் பெருக்கினால் போதும். பெரிய சிலைகளுக்கும் சின்னச் சிலைகளுக்கும் தனித்தனியாக ஒன்று நிறுத்துக்கொள்ளுங்கள். நகைகளுக்கு அடிக்கும் பொன் நிறத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் சின்ன டின்னாக வாங்குங்கள். மெல்லிய பிரஷில் தொட்டுத் தொட்டு வைக்கிற வேலை அது, டின்னில் காய்ந்து வீணாவதே அதிகம்.